சங்கு ஊதாத மழை

சங்கு ஊதினால் பொழுது சாய்வதற்குள் மழை வந்துவிடும். நாற்பது வருஷமாக அந்தத் தாலுகாவில் நடப்பு அதுதான்.

வெள்ளைக்கரட்டின் உச்சியில் மேக இலாகாவின் கோபுரம் நின்றது. நூற்றிருபது அடி உயரம், தலையில் நான்கு புகைவாய்கள், அவற்றுக்குக் கீழே ஆலைச் சங்கு போல ஊதும் ஒரு சங்கு. அதன் அடுப்புகளில் வெள்ளி உப்பை எரித்தால் புகை மேலேறி மேகத்தைப் பிடிக்கும், மேகம் இறுகி மழையாக விழும் என்று மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது. படத்தில் ஒரு துரை கையை நீட்டிக்கொண்டிருப்பார். அவர் விரல் காட்டும் இடத்தில் ஒரு குடியானவன் கும்பிட்டபடி நனைந்துகொண்டிருப்பான். கொடுக்கிற கை நிறுத்தவும் செய்யும் என்று பாடத்தின் கடைசி வரி.

ஜனங்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. சங்கைக் கேட்டு விதைத்தார்கள். சங்கைக் கேட்டுக் களத்து நெல்லை மூடினார்கள். சங்கைக் கேட்டுத்தான் கண்மாய்க்குள் மேயும் ஆடுகளை ஓட்டி வந்தார்கள்.

சோணாசலம் அந்தக் கோபுரத்தில் இளநிலை குமாஸ்தா. மதுரையில் பிறந்து, மதுரையில் பி.ஏ. படித்தவன். வயது இருபத்தேழு. மழைமானியைப் பார்ப்பது, தந்தி வாங்குவது, சுற்றுவட்டாரக் கிராமங்களின் நடமாட்டத்தை வாரம் ஒரு முறை மேலிடத்துக்கு எழுதுவது அவன் வேலை. மனைவி பூரணம் இறந்து பதினொரு மாதமாகியிருந்தது. வளைகாப்பு முடிந்து அவள் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோன டிரங்குப் பெட்டி இன்னும் அங்கேயே இருந்தது. அவன் கேட்கவில்லை. அவர்களும் அனுப்பவில்லை.

அந்த ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோபுரத்தின் மெக்கானிக் ரோசாரியோ அவனை மேல் தளத்துக்குக் கூட்டிப்போனார். மேல் தளத்தில் இப்போது கால் வைக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோபுரத்து அதிகாரி ஹாலோவே துரை. இன்னொருவர் ரோசாரியோ. மறுநாள் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பெங்களூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார். சாவியை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். சோணாசலம் வாய் திறக்காதவன் என்று துரை சொல்லியிருந்தார்.

ரோசாரியோ இரும்புக் கதவைத் தோளால் தள்ளினார். உள்ளிருந்து புறா எச்சத்தின் நாற்றம் வந்தது.

நான்கு அடுப்புகள் இருந்தன. முதல் அடுப்புக்குள் சுள்ளிகளும் இரண்டு முட்டைகளும் கிடந்தன. அடுத்தடுத்த இரண்டில் துருப்பிடித்த கதவுகள் கீலோடு தொங்கின. நான்காவதில் யாரோ பழைய செய்தித்தாள்களைத் திணித்திருந்தார்கள்.

சோணாசலம் நான்கையும் பார்த்தான். திரும்ப ஒருமுறை பார்த்தான்.

"இதில் எதை எரிக்கிறது, சார்?"

"எதையும் இல்லை, மேன். பதினெட்டு வருஷமா எரிக்கலை."

"போன வாரம் மழை பெய்ததே?"

"பெஞ்சது. மழைக் காலம். பெய்யாதா?" ரோசாரியோ முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "நான் வந்த புதுசில் எரிச்சாங்க. எரிச்ச நாளும் பெஞ்சுது. எரிக்காத நாளும் பெஞ்சுது. எரிச்சும் பெய்யாம போச்சு. கணக்குப் பண்ணிப் பார்த்தார் அப்ப இருந்த துரை. நல்ல மனுஷன். ஒரு மாசம் சாப்பிடலை. அப்புறம் சங்குக்கு மட்டும் எண்ணெய் போடச் சொன்னார்."

"அப்படியென்றால் சங்கு எப்படி முன்கூட்டியே?"

"உன் கையில் வர்ற தந்திதான். தீவில் ஒரு ஆபீஸ் இருக்கு. கடல்ல கப்பல் இருக்கு. காத்து எங்கே திரும்புது, எங்கே அமுங்குதுன்னு ரெண்டு நாள் முந்தி அவங்களுக்குத் தெரிஞ்சுடும். நாலெழுத்துக் குறி வருதே, அதை எரிக்கச் சொல்ற உத்தரவுன்னு நினைச்சியா? அது வெறும் சேதி. மழை வருதுன்னு சேதி."

சோணாசலம் சுவரில் கையூன்றி நின்றான். சுவர் வெயிலில் சூடாக இருந்தது.

"போன வருஷம் மழையை நிறுத்தினார்களே. ராஜத்துவேஷம் என்று."

"எப்படி மேன் நிறுத்தறது? வராத மழையை யார் நிறுத்தறது?" அவர் எழுந்துபோய் ஒரு தகரப் பெட்டியைக் காலால் நகர்த்தினார். "எல்லாம் இதில் இருக்கு. ஆகஸ்ட் மாசமே பெரிய ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துடுச்சு. இந்த வருஷம் உங்க பக்கம் வறட்சின்னு. பெய்யலைன்னா ஜனங்க கோபுரத்தைச் சந்தேகப்படும். அதனால் துரை காரணம் தேடினார். குமாஸ்தாக்க எழுதின குறிப்பு ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சார். உன்னோடது நல்லா இருந்துது. சின்னதா, தெளிவா."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

*

அந்தக் குறிப்பு மூன்று வரி.

போன வருஷம் புரட்டாசி. வாகையேந்தல் வழியாகச் சைக்கிளில் வந்தபோது சோணாசலம் அதைப் பார்த்தான். ஒரு வைக்கோல் பொம்மை. தலையில் துரைமார் போடும் சோலாத் தொப்பி. கழுத்தில் கயிறு. ஆண்கள் தெருவில் அதை இழுத்துப் போனார்கள். பெண்கள் பின்னால் மாரடித்து அழுதபடி வந்தார்கள். முன்னால் போனவர் மாயழகு, பூரணத்தின் அண்ணன். கதர் கட்டுகிறவர். அதையும் எழுதினான். எழுதாமல் விட்டால் உறவுக்காரனைக் காப்பாற்றினான் என்று வரும். 'தொப்பி அணிந்த உருவத்தைப் பிணம்போல இழுத்துச் சென்றார்கள்.' பிழையில்லாத ஆங்கிலம்.

அனுப்பிய மறுநாள் சாப்பாட்டின்போது பூரணத்திடம் சொன்னான். அவள் கையில் கரண்டியோடு நின்று சிரித்தாள். ஏழாம் மாதம், வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அது கொடும்பாவிங்க. மழைக்கு இழுக்கிறது. ஊர்ல இருக்கிற பாவி செத்துட்டான், இனி மழை வரும்னு அழுவோம். நீங்க பாத்ததே இல்லையா?"

"தொப்பி?"

"சோளக்கொல்லைப் பொம்மை. கூத்தப்பெருமாள் மாமா கொல்லையில நின்னது. தொப்பி அதுலயே இருந்துச்சு. எடுக்கச் சோம்பலா இருந்திருக்கும்."

கொடும்பாவி இழுப்பதே சட்டப்படி குற்றம்தான். அரசாங்கம் கொடுக்கும் பொருளை இன்னொருவரிடம் கேட்பது. ஆனால் சிறு குற்றம். ஊருக்கு எச்சரிக்கையோடு போயிருக்கும். ஒரு திருத்தம் எழுதி அனுப்பியிருக்கலாம். உட்கார்ந்தும் எழுதினான். தமிழன் தமிழர் வழக்கத்தைத் தெரியாமல் எழுதிவிட்டான் என்று மேலே சிரிப்பார்கள். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சட்டை வண்ணானுக்குப் போயிற்று.

பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது. மாயழகுக்கு ஆறு மாதம் கடுங்காவல். தாலுகா முழுவதுக்கும் மழை நிறுத்தம். காரணம் வாகையேந்தல் என்று சுவரொட்டியில் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். அந்த ஊருக்கு உதவும் கிராமத்துக்கு மறு வருஷமும் மழை கிடையாது என்று அடியில் ஒரு வரி. முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று பூரணம் அந்த ஊருக்கே போனாள். கோபுரத்துக் குடியிருப்பில் குழாய் இருந்தது. இங்கேயே இரு என்று அவன் ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

ஊருணி வற்றியது. அடுத்த ஊரான பூலாங்குளத்துக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. வாகையேந்தலார் இறைக்காதபடி கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். அண்ணன் சிறையில். வீட்டில் நடமாடக்கூடிய ஆள் பூரணம் ஒருத்திதான். நாலு மைல் தள்ளி ஆற்று ஊற்றுக்குக் குடத்தோடு நடந்தாள். பத்தாவது நாளோ, பன்னிரண்டாவது நாளோ, திரும்பும் வழியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வயிற்றிலிருந்த குழந்தை ஆண் என்று சொன்னார்கள்.

வானத்தை நிறுத்தியது தன் மூன்று வரி என்று பதினொரு மாதம் நம்பியிருந்தான். இப்போது வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. கயிற்றை அவிழ்த்தது அந்த மூன்று வரி.

தகரப் பெட்டியிலிருந்து மூன்று தாள்களை எடுத்துக்கொண்டான். ஆகஸ்ட் கடிதம், தன் குறிப்பு, மழை நிறுத்த உத்தரவு.

*

திங்கட்கிழமை மத்தியானம் வாகையேந்தலுக்குப் போனான். கண்மாயில் தண்ணீர் நின்றது. ஒரு வருஷ வறட்சிக்குப் பிறகு கிடைத்த தண்ணீர். கரைமேல் வேட்டியை மடித்துக் கட்டிய இருபது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். கரையில் பாதி ஆழத்துக்கு, நீர்மட்டத்துக்குச் சற்று மேல்வரை, வெட்டியிருந்தது.

அந்த வருஷத்து இயக்கம் அதுதான். அந்நியத் துணியை எரித்தாயிற்று. இப்போது அந்நிய மழை. நாலு கிராமங்கள் கண்மாயை வெட்டி அரசாங்கத்து மழையைக் கடலுக்கு அனுப்பிவிட்டன. வெள்ளிக்கிழமை வாகையேந்தலின் முறை.

மாயழகு அவனைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றார். சிறைக்குப் பிறகு ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது.

"வாங்க மாப்ளே. துரைமாருக லீவு குடுத்தாகளா?"

"உங்களிடம் தனியாகப் பேசணும் மச்சான்."

"மழை இலாகா ஆளு கரைக்கு வந்தா நம்ம பயலுக தள்ளிவிட்டுருவாய்ங்க. இந்தப் பக்கம் வாங்க."

கருவேல மர நிழலில் உட்கார்ந்தார்கள். சோணாசலம் அடுப்பு, புறா முட்டை, தந்தி எல்லாவற்றையும் சொன்னான். மாயழகு புல்லைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லை. நானே பார்த்தேன்."

"வெள்ளிக்கிழமை கரையை வெட்டப்போறோம். திங்கக்கிழமை நீங்க வந்து, வெட்டாதீக, இது வெறும் மழைங்கிறீக. கேக்கிறவனுக்கு என்ன தோணும்?"

"துரை அனுப்பினான் என்று தோணும்."

"எனக்கும் அதான் தோணுது."

சோணாசலம் தாள்களை எடுத்து வைத்தான். மாயழகு ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். எண்கள் தெரியும்.

"இந்தத் தேதியைப் பாருங்க. ஆகஸ்ட் நாலு. மழை வராது என்று பெரிய ஆபீஸ் எழுதினது. இது உத்தரவு. அக்டோபர் ரெண்டு. மழையை நிறுத்தினோம் என்று. ரெண்டு மாசம் முன்னாலேயே அவர்களுக்குத் தெரியும்."

"நடுவுல இருக்கிறது என்ன தாளு? செப்டம்பர் இருபது."

அந்தத் தாள் இல்லாமல் மற்ற இரண்டையும் மட்டும் கொண்டுவந்திருக்கலாம். வரும் வழியில் அதை இரண்டு தடவை நினைத்தான். ஆனால் உத்தரவு அந்தத் தாளின் எண்ணைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது.

"கொடும்பாவியைப் பற்றிய குறிப்பு. நான் எழுதினது."

கரையில் யாரோ ஏதோ சொல்லி மற்றவர்கள் சிரித்தார்கள். மாயழகு தாளைக் கையில் எடுத்தார். மங்கின கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். படிக்கத் தெரியாத எழுத்தை.

"எம் பேரு எங்க இருக்கு?"

சோணாசலம் விரலை வைத்துக் காட்டினான்.

"பூரணத்துக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னா?"

"சிரித்தாள்."

மாயழகு தலையை ஆட்டினார். "சிரிப்பா. அவ சிரிப்பா." தாளை மடித்து அவனிடமே கொடுத்தார். 

"நான் நம்புறேன் மாப்ளே. தங்கச்சி செத்ததுக்குத் தானே காரணம்னு ஒருத்தன் பொய் சொல்ல மாட்டான். ஆனா இவய்ங்க நம்ப மாட்டாய்ங்க. உங்க தாளைக் காட்டுனா, முதல்ல உங்களை வெட்டிட்டு அப்புறம் கரையை வெட்டுவாய்ங்க."

"வேறு என்ன செய்ய?"

"சங்கு ஊதாம ஒரு மழை. ஒண்ணே ஒண்ணு. அதைக் காட்டுங்க. அப்புறம் நாலு ஜில்லாவுல ஒருத்தன் அந்தக் கோபுரத்துக்குப் பயப்பட மாட்டான்." எழுந்து வேட்டியைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் பொறுக்கச் சொல்றேன். மீதியை வெட்டாம நிறுத்தி வைக்கிறேன்."

சைக்கிளை எடுத்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ளே. பெட்டி வீட்டுல இருக்கு. அடுத்த தடவை எடுத்துட்டுப் போங்க."

*

புதன்கிழமை பதினொரு மணிக்குத் தந்தி வந்தது. நாலெழுத்துக் குறி, அதன் பின்னால் மழையின் அளவுக்கான ஓர் எண். எண் ஒன்பது. ஏழுக்கு மேல் அவன் பார்த்ததில்லை.

ஹாலோவே துரை கலெக்டரோடு வேட்டைக்குப் போயிருந்தார். துரை இல்லாதபோது தந்தி வந்தால், மறுநாள் விடிந்ததும் குமாஸ்தா சங்கு ஊத வேண்டும். அதுதான் நிலையான உத்தரவு. ரோசாரியோ போய்விட்டார். சங்கின் பிடி சோணாசலத்தின் மேசைக்கு நாலடி தள்ளி இருந்தது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். போன வருஷம் இன்னொரு தாளையும் அப்படித்தான் வைத்தான் என்பது நினைவுக்கு வந்தது.

மாயழகுக்கு மட்டும் சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தான். சொன்னால் அது வேறு ஒரு சங்கு. இலாகா ஆள் முன்கூட்டியே சொன்னான், சொன்னபடி வந்தது என்று ஆகிவிடும். மழை யாருடைய வாயிலிருந்தும் வராமல் தானாக வர வேண்டும். இது சரியான யோசனை என்றுதான் அப்போது பட்டது. பாதி வெட்டிய கரையை அவன் பார்த்திருந்தான். கண்ணால் பார்த்ததுதான், மனதில் ஏறவில்லை. மதுரைக்காரன். கரை என்றால் அவனுக்கு வைகையின் படித்துறை.

வியாழக்கிழமை காலை கிழக்கே வானம் ஈயம் பூசினாற்போல் இருந்தது. காற்று நின்றுவிட்டது. மத்தியானம் வாகையேந்தலுக்குச் சைக்கிளை மிதித்தான். வழியில் களங்களில் நெல் திறந்து கிடந்தது. வெட்டிவிட்ட கண்மாய்களுக்குள் ஆடுகள் மேய்ந்தன. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. சங்கு ஊதவில்லையே.

ஊர் எல்லையைத் தொடும்போது முதல் துளி விழுந்தது.

ஜனங்கள் வீடுகளிலிருந்து வெளியே வந்தார்கள். எல்லோரும் முதலில் கரட்டைப் பார்த்தார்கள். கோபுரம் பேசாமல் நின்றது. ஒரு பெண் நாக்கை நீட்டித் துளியை வாங்கி ருசி பார்த்தாள். அதே ருசிதானா என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள். யாரோ ஒருவர் கரைமேல் நின்ற மாயழகைப் பார்த்துக் கத்தினார்:

"மாயழகு, இது யாரு மழை?"

"யாரு மழையும் இல்லைய்யா. சும்மா மழை."

முதலில் ஒருத்தி குலவையிட்டாள். பிறகு எல்லோரும். மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு ஆட்கள் தண்ணீருக்குள் குதித்தார்கள். வயதான ஒருவர் நடுத்தெருவில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து அழுதார். மாயழகு சரிவில் இறங்கி வந்து சோணாசலத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. பூரணத்தின் சிரிப்பு. அண்ணன் தங்கைக்கு ஒரே பல்வரிசை.

"காமிச்சுட்டீக மாப்ளே."

"இது பெரிய மழை மச்சான். தந்தியில் ஒன்பது."

"ஒம்பதுன்னா?"

"தெரியவில்லை. ஏழுக்கு மேல் நான் பார்த்ததில்லை."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. திரும்பி வெட்டின இடத்தைப் பார்த்தார்.

"நேத்தே தெரியுமா?"

 பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வைக்கோல், முள், சாக்கு என்று கத்திக்கொண்டே கரையேறி ஓடினார்.

இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வெட்டின மட்டத்துக்கு வந்தது. வைக்கோலைத் திணித்தார்கள். முள்ளைப் போட்டு மிதித்தார்கள். உடைப்பில் ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று, நீரை முதுகில் தாங்கி, பின்னால் மண் கொட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஏழு பேர் இறங்கினார்கள். மாயழகு நடுவில். சோணாசலம் சாக்கு சுமந்தான். மூன்றாவது சாக்கோடு அவன் வந்தபோது கரை இல்லை. பழுப்பாக ஒரு வேகம் மட்டும் இருந்தது. நான்கு பேரைக் கருவேல மரங்கள் பிடித்துக்கொண்டன. மூன்று பேரை இல்லை.

மாயழகைச் சனிக்கிழமை பூலாங்குளத்து வயலில் கண்டெடுத்தார்கள். கண்மாயில் முழங்கால் தண்ணீர்கூட மிஞ்சவில்லை.

*

மூன்றாம் நாள் அரசாங்கம் அறிக்கை விட்டது. ராஜத்துவேஷிகள் வெள்ளி உப்பைத் திருடி, அனுமதியில்லாமல் மழையை இறக்கிவிட்டார்கள். அதற்குக் கோபுரத்து ஊழியன் ஒருவன் உடந்தை. மழைச் சட்டம் பதினோராம் பிரிவு, மழைத் திருட்டு. அதற்கு ஏழு வருஷம் வரை தண்டனை.

இயக்கத்துப் பத்திரிகை முதல் பக்கத்தில் 'சுதேசி மழை' என்று போட்டது. நம்மாலும் முடியும் என்று தலையங்கம். மாயழகின் படத்தைச் சுற்றி மாலை வரைந்திருந்தார்கள். தன் கையால் இறக்கிய மழைக்குத் தன்னையே கொடுத்த தியாகி.

சோணாசலத்தை அடைத்திருந்த சப்ஜெயிலுக்கு வக்கீல் கோதண்டபாணி வந்தார். இயக்கம் அனுப்பியவர். கண்ணியமான மனிதர், பீஸ் வாங்காதவர்.

"அடுப்புகளில் புறா முட்டை இருக்கிறது" என்றான் சோணாசலம். "கோர்ட்டார் வந்து பார்க்கட்டும். யாரும் மழையை இறக்கவில்லை. யாராலும் முடியாது. மூன்று தாள்கள் இருக்கின்றன."

"தாள்கள் உங்களைச் சோதனை போட்ட இன்ஸ்பெக்டரிடம் போய்விட்டன. அடுப்புகளை நேற்றே வெள்ளையடித்துவிட்டார்கள் என்று கேள்வி." வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நான் உங்களை நம்புகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாலு கிராமம் சொந்தக் கண்மாயை வெட்டிவிட்டு இந்த வருஷம் கஞ்சிக்கு அலைகிறது. அதெல்லாம் வெறும் மழை, வீணாக வெட்டினீர்கள் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? மாயழகு ஒன்றுமில்லாததற்குச் செத்தார் என்று சொல்வதா?"

"பிறகு நான் என்ன சொல்ல?"

"ஒன்றும் சொல்ல வேண்டாம். பேசாமல் இருங்கள். உங்களுக்கு அது வரும் என்றார்கள்."

அவனுக்கு அது வந்தது.

*

ஜில்லாக் கோர்ட்டுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள். பூலாங்குளத்தில் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் தகர வாளியோடு கிணற்றுக்குப் போனான்.

கிணற்றடியில் நின்றிருந்தவர்களிடம் டிரைவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பெண்கள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி செம்போடு ஜன்னலருகே வந்தாள். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. சோணாசலத்துக்கு அவளைத் தெரியும். பூரணத்தின் பதினாறாம் நாள் அன்று யாரோ தூரத்திலிருந்து காட்டினார்கள். பெயர் இருளாயி. கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டவள்.

அவளுக்கு அவனை யாருடைய கணவன் என்று தெரியாது. மழை இறக்கியவன் என்று மட்டும் தெரியும்.

"தண்ணி குடிங்கய்யா. நல்ல தண்ணி."

அவன் வாங்கவில்லை. போலீஸ்காரர், விலங்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று நினைத்து, தானே செம்பை வாங்கி அவன் கைகளுக்கிடையில் வைத்தார்.

இருளாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "கதிர் வர்ற நேரம்யா. தை பொறந்ததும் எங்க ஊருக்கு ஒரு மழை குடுங்க. பெருசா வேணாம். ஒரு நா பெஞ்சாப் போதும். போன வருசம் மாதிரி ஆயிப்போச்சுன்னா இதுகளை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"மழையை நான் கொடுக்கவில்லை அம்மா. யாரும் கொடுப்பதில்லை. அது தானாக வருவது."

அவள் போலீஸ்காரர்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்லாம் புரிந்தவளாகத் தலையசைத்தாள்.

"சரிங்கய்யா. வெளியே சொல்லக்கூடாதுதான். நாங்களும் யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

"கிழக்கே பாருங்கள். காற்று நின்று, வானம் ஈயமாக ஆனால்…"

அவள் கிழக்கே பார்க்கவில்லை. இடுப்புக் குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, அவனைப் பார்த்துக் கும்பிட வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கிணற்றுச் சகடையில் புதுக் கயிறு ஈரமாக ஆடிக்கொண்டிருந்தது.

டிரைவர் வந்து இன்ஜினைக் கிளப்பினான். செம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் குடித்தான். தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் நன்றாக இருந்தது.